உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் பதினொரு நிமிடம்

அன்று மலர்விழி டீச்சரிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "சாப்பாட்டு நேரத்தில் வீடியோவை ஓட விட்டுவிடுங்கள்."

அரசுப் பள்ளிகளுக்கு டேப்லெட் கொடுக்கும் ஒரு சிறு அறக்கட்டளைக்கு நான் தன்னார்வலர். பாட வீடியோ வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஓடியது என்பதே அவர்களின் அளவுகோல். குறைந்தால் கருவிகள் வேறு பள்ளிக்குப் போய்விடும். மலர்விழி டீச்சரின் பள்ளியில் பதினொரு நிமிடம்தான். காரணம் பார்த்து வரச் சொன்னார்கள். போன ஆகஸ்டில் கிளம்பினேன்.

மதுரை ஆனையூரிலிருந்து 7.30க்கு நகரப் பேருந்து. ஆரப்பாளையத்தில் 8.15க்கு மாறி, 9.30க்கு உசிலம்பட்டி. ஏறத்தாழ 40 கி.மீ. வழியெங்கும் உழுதுபோட்ட நிலம், மழை இல்லை. அங்கிருந்து நான்கு கி.மீ. ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"பள்ளிக்கூடத்துக்கா? டேப்பைப் புடுங்க வந்தீகளா?" என்றார் ஆட்டோ ஓட்டுநர்.

"பார்க்கத்தான் வந்தேன், அண்ணே."

"எம்மக ஏழாப்பு. ஆறு நாளா செரட்டையும் மண்ணுமாத் திரியுது. என்ன படிப்போ!"

வகுப்பில் அந்தத் தேங்காய்ச் சிரட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொருவரும் தங்கள் காட்டு நிலத்து மண்ணை அதில் நிரப்பித் தட்டாம்பயறு ஊன்றி, தினமும் டேப்லெட்டில் படம் எடுத்திருந்தார்கள். ஆட்டோக்காரர் மகள் முத்துமாரியின் பயறு மட்டும் முளைக்கவில்லை.

"ஒங்க காடே தரிசுதானடி," என்று ஒருத்தி சீண்டினாள்.

முத்துமாரி தன் ஆறு படங்களையும் தோழியின் ஆறு படங்களையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் நாள் படத்தில் விரல் நின்றது.

"டீச்சர், என்னோடதுல தண்ணி அப்படியே நிக்குது. அவ செரட்டையில ஓட்டை இருக்கு. நான் போடல. மண்ணு மேல குத்தமில்ல டீச்சர்!"

கேமராவில் கழிந்த நேரம் கணக்கில் ஏறாது. டீச்சருக்கும் அது தெரியும்.

"பக்கத்து ஸ்கூல்ல புள்ளைக சாப்பிடப் போனதும் வீடியோவைப் போட்டு விட்டுருவாங்க. அம்புட்டும் நிமிஷம். எனக்கு மனசு வரல மேடம். நீங்க என்ன எழுதுவீங்க?"

"பார்த்ததை எழுதுவேன்," என்றேன். காலி பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று சமயநல்லூரில் வேறொரு பள்ளிக்குப் போனபோதும் யோசித்தேன். நேர்மையாக இருந்தது நான். இழக்கப் போவது அந்தப் பிள்ளைகள்.

இப்படிப் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். தண்ணீர் கொண்டு போங்கள். பத்து மணிக்குள் போனால் வகுப்பு முழுதும் பார்க்கலாம். அறக்கட்டளை தரும் படிவத்தில் இடமில்லாததைத் தனித்தாளில் எழுதுங்கள். நான் மூன்று பக்கம் எழுதினேன்.

செப்டம்பரில் பத்து டேப்லெட்டுகளும் பக்கத்துப் பள்ளிக்குப் போயின. அவை போவதற்குச் சற்று முன்புதான் ஓட்டை போட்ட சிரட்டையில் முத்துமாரி மறுபடி பயறு ஊன்றியிருந்தாள். அதற்கு இரண்டு நாள் படங்கள்தான் இருக்கின்றன.