மெக்ரிகர் குலத்துக்கு மதுரைக்காரன் வடம் பிடித்த கதை

ஸ்காட்லாந்தை அடக்க இங்கிலாந்து மன்னர்கள் பல நூற்றாண்டு மல்லுக்கட்டினார்கள். அங்குள்ள ஒரு குலத்தின் மானத்தைக் காப்பாற்ற எனக்கு ஒரு சனிக்கிழமை மதியம் போதுமானதாக இருந்தது. அதுவும் ஸ்காட்லாந்து பக்கமே போகாமல், ஜெர்மனியின் ஹார்ஸ் மலையடிவாரத்தில் ஒரு புல்வெளியில் வைத்து. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த வருடம் போக நினைப்பவர்கள் தொடருங்கள்.

ஹனோவரில் என் அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரர் மத்தியாஸ். வாய் திறந்தால் வரி போடுவார்களோ என்று பயந்தவர் போல அளந்து பேசுகிற ஜெர்மானியர். ஜூன் மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று, "நான் மெக்ரிகர் குலத்தில் சேர்ந்தவன்" என்றார். ஸ்காட்லாந்து மலைநாட்டு வீர விளையாட்டுகளை ஜெர்மனியில் ஊர் ஊராக நடத்துகிறார்களாம். குலத்துக்கு ஒரு கூடாரம், கூடாரத்துக்கு ஒரு கயிறு இழுக்கும் அணி. மத்தியாஸ்தான் அவர்கள் அணிக்குத் தலைவர். இதுவரை ஒரு போட்டிகூட ஜெயித்ததில்லை. "இந்த முறையும் தோற்றால் கலைத்துவிடுவதாக முடிவு. பாதிப்பேர் விலகப் போகிறார்கள். கூடாரத்தையும் விற்றுவிடுவோம்" என்றார். அந்த முகத்தைப் பார்த்தபின் வீட்டில் உட்கார்ந்திருக்க நான் என்ன கல்லா? "வருகிறேன்" என்றேன்.

ஜூலை கடைசிச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, எங்கள் மேல்வீட்டு பரமேஸ் அண்ணனின் காரில் கிளம்பினோம். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருட ஜெர்மனிவாசி. ஹனோவரிலிருந்து ஏறக்குறைய தொண்ணூற்றைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். ரயிலில் வருபவர்கள் கோஸ்லார் வரை வந்து பேருந்து பிடிக்கலாம். வண்டி நிறுத்த ஐந்து யூரோ, நுழைவுக் கட்டணம் பன்னிரண்டு.

"தம்பி, உண்மையா ஆம்பிளையள் எல்லாம் பாவாடையோ?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் அண்ணன்.

"அண்ணே, நாம வேட்டி கட்டுறோம். நமக்குப் பேச வாய் இருக்கா?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றவர், அடுத்த பத்தாவது நிமிடம் அதையே மறுபடி கேட்டார்.

போய் இறங்கினால் புல்வெளி முழுக்கக் கட்டம். நம்மூர் ஜவுளிக்கடையில் லுங்கிப் பிரிவு தீப்பிடித்து, மக்கள் கைக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஓடிவந்தது போல இருந்தது. மெக்ரிகர் கூடாரத்தில் சிவப்புக்கட்டம்: நல்ல சிவப்பில் பச்சைப் பட்டைகள், நடுவே மெல்லிய வெள்ளைக்கோடு. இந்தக் கட்டத்துக்குப் பெயர் டார்டன், இடுப்பில் கட்டினால் கில்ட். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் சபீனா, பள்ளிக்கூட ஆசிரியை, இந்தக் கூடாரத்தின் வரலாற்று மந்திரி.

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் என்று கறாராகப் பிரிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஊன்றியதாம். ஆனால் மெக்ரிகர்களின் கதை அதைவிடப் பழையது. 1603இல் அரசர் அந்தப் பெயரையே தடை செய்தார். "நான் மெக்ரிகர்" என்று சொன்னால் தலை போகும். ஆளாளுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டு, காடு மலை என்று ஒளிந்து பிழைத்தார்கள். தடை முழுசாக நீங்கியது 1774இல். நடுவே 1746இல் மலைநாட்டு உடைக்கே ஒரு சட்டத் தடை, அது போனது 1782இல். இத்தனைக்கும் அவர்கள் குல வாசகம் என்ன தெரியுமா? "என் குலம் அரச குலம்!" தலைக்கு விலை வைத்திருக்கும்போதும் இப்படிச் சொல்ல ஒரு திமிர் வேண்டும். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

"உங்களுக்கு ஸ்காட்லாந்தில் சொந்தக்காரர்கள் உண்டா?" என்று கேட்டேன்.

"ஒரு சொட்டு ரத்தம்கூடக் கிடையாது. கதையைக் கேட்டோம், விட்டுப்போக மனம் வரவில்லை" என்றார் சபீனா.

பரமேஸ் அண்ணன் கூடாரத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பேரை மறைச்சு ஓடின சனம் எண்டா எங்களுக்கு விளங்கும் தம்பி. அரசன் ஆள் விட்டும் அழியாத பேர், இண்டைக்கு ஒரு கயித்தில தோத்தோ அழியப்போகுது?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முழு மரத்தூணைத் தூக்கி எறியும் போட்டியில் அணியின் எட்டாவது ஆள், ஒரு ரொட்டிக் கடைக்காரர், கணுக்கால் பிசகி விழுந்தார். எட்டுப் பேர் இல்லாவிட்டால் இழுக்க விடமாட்டார்கள். எட்டுப் பேரும் ஒரே டார்டன் கட்டியிருக்கவும் வேண்டும். மத்தியாஸ் என்னைப் பார்த்தார். அண்ணனுக்குத் தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சை ஆகி மூன்று மாதம்தான். ஆக, நான்.

ஆனால் என் இடுப்பு சாதாரண இடுப்பா? பூமத்திய ரேகைக்கே மாதிரி எடுத்த இடம். ரொட்டிக் கடைக்காரரின் கில்ட் என்னைப் பாதிவழி சுற்றி, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. அப்போதுதான் கண்ணில் பட்டது மேஜைவிரிப்பு. அதே சிவப்புக்கட்டக் கம்பளி, தைக்காமல் நாலரை மீட்டர். கோப்பைகளை எடுத்துவிட்டு உருவினேன். கயிறு இழுக்க அவிழாமல் இருக்க வேண்டுமே என்று பஞ்சகச்சம் கட்டி, சேர மன்னன் போல வெளியே வந்தேன். நடுவர் தலையை ஆட்டினார்: காலுக்கு நடுவே துணி போகக் கூடாதாம். சரி என்று வேட்டியாகக் கட்டி, முழங்கால் வரை மடித்து, மேலே பெல்ட்டை இறுக்கினேன்.

"இதுதான் பழைய முறை!" என்று சபீனா துள்ளினார். "ஆதியில் கில்ட்டே தைக்காத நீளத் துணிதான்!" நடுவர் கையை உயர்த்தி அனுமதி கொடுத்தார். ஜூலை வெயிலில் கம்பளி கடிக்கும் கடியை மட்டும் வரலாறு சொல்லாமல் விட்டுவிட்டது.

எதிரணி அந்த ஊர்த் தீயணைப்பு வீரர்கள், போன வருடச் சாம்பியன்கள். ஒவ்வொருவரும் ஒரு பனைமரத்தைப் பல்குச்சியாக வைத்திருப்பவர் போல இருந்தார்கள். மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும். எனக்குக் கடைசி இடம்.

விசில் ஊதியது. நான் வாழ்க்கையில் இழுத்ததெல்லாம் மதுரையில் தேர் வடம் மட்டுமே. தேரைப் பார்த்துக்கொண்டு யாராவது வடம் இழுப்பார்களா? கை தானாகக் கயிற்றைத் தோளில் போட்டது, கால் தானாகத் திரும்பியது. எதிரணிக்கு முதுகைக் காட்டி நின்றேன். புல்வெளியே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் மல்லாக்க விழுந்து, பத்தடி தூரம் உழவு ஓட்டியபடி போய்ச் சேர்ந்தேன். முதல் சுற்று போச்சு.

மத்தியாஸ் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அப்போது கயிற்றோரம் வந்து நின்றார் பரமேஸ் அண்ணன்.

"எல்லாரும் அவசரப்பட்டு இழுக்கிறியள்" என்று ஜெர்மனில் எல்லோருக்கும் விளக்கிவிட்டு, என்னிடம் தமிழில் திருப்பிச் சொன்னார். "சாய்ஞ்சு நில்லுங்கோ. அவங்கள் மூச்சு விடேக்க நான் குரல் குடுப்பன். அதுக்கு முதல் ஒருத்தரும் அசையக்கூடாது. தேருக்கும் இதுதானே தம்பி?"

இரண்டாம் சுற்று. சாய்ந்தோம், பிடித்தோம், அசையவில்லை. தீயணைப்பு வீரர்களின் முகம் தக்காளியாகி, பிறகு கத்தரிக்காயானது. "அரோகரா!" என்றார் அண்ணன். ஏழு ஜெர்மானியர்களும் பொருள் கேட்காமல் "அரோகரா!" என்று திருப்பிச் சொல்லி இழுத்தார்கள். வந்தது கயிறு! கோட்டைத் தாண்டியது!

மூன்றாவது சுற்றில் இரண்டு பக்கமும் தள்ளாட்டம். கயிறு ஒரு சாண் அங்கே, ஒரு சாண் இங்கே. எதிர்ப்பக்கம் ஒருவர் கால் வழுக்கிய நொடியில் அண்ணன் இரண்டு மொழியிலும் கத்தினார்: "திரும்புங்கோ! எல்லாரும் தம்பி மாதிரித் திரும்புங்கோ!"

திரும்பினோம் ஐயா! எட்டுப் பேரும் கயிற்றைத் தோளில் போட்டு, எதிரிக்கு முதுகைக் காட்டி, குனிந்து நடக்க ஆரம்பித்தோம். அரோகரா, ஒரு அடி. அரோகரா, இன்னொரு அடி. எட்டுப் பனைமரங்களும் பின்னால் புல்லைப் பிய்த்துக்கொண்டு வந்தன. விட்டிருந்தால் கோஸ்லார் வரைக்கும் இழுத்துப் போயிருப்போம். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். கயிற்றை விடக் கூடாது, உட்காரக் கூடாது என்றுதான் விதி. முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று யாரும் யோசித்ததில்லை. வெற்றி மெக்ரிகர்களுக்கு!

அடுத்த போட்டியில் தோற்றோம். யாருக்குக் கவலை? மத்தியாஸ், அந்த அளந்து பேசுகிற மத்தியாஸ், அண்ணனின் நல்ல தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். விலகுவதாகச் சொன்னவர்கள் அடுத்த வருடப் பயிற்சிக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். சபீனா குலத்தின் சின்னமான பைன்மரக் கிளை நுனியை என் சட்டையில் குத்தினார். அண்ணன் சட்டையிலும் குத்தினார். "குலத்தோடு நின்றவர் குலத்தவர்" என்றார்.

"ஓம்" என்றார் அண்ணன். கிளை நுனி விழாமல் இன்னொரு தரம் அழுத்திக் குத்திக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: காலை பத்துக்குள் போய்விடுங்கள், நிழலில் இடம் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் உண்டு, ஆறு யூரோ. உள்ளே பருத்தித் துணி உடுத்தாமல் கம்பளி கட்டாதீர்கள்; என் தொடை சாட்சி. எந்தக் குலக் கூடாரத்திலும் கதை கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள். சிவப்பும் பச்சையுமான கூடாரம் விற்பனைக்கு இல்லை, அங்கேயேதான் இருக்கும். இழுக்க ஆசை என்றால் தாராளமாகச் சேருங்கள். கயிற்றின் கடைசி இடத்தை மட்டும் கேட்காதீர்கள். அது அரச குலத்தாருக்கு ஒதுக்கப்பட்டது.