ஆடு கட்டப் போன இடத்தில்

லீவ் லெட்டர் எழுதித்தான் நான் எழுதவே பழகினேன். ஓசூரில் செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. ஆறு வருஷம் அதன் ஹாஸ்டலில் குடியிருப்பு. அவசர ஆர்டர் வந்துவிட்டால் கல்யாணம், பண்டிகை எதற்கும் லீவு கிடையாது. சாவு, ஆஸ்பத்திரி என்றால்தான் லைன் லீடர் தலையாட்டுவார். அதனால் எல்லாப் பெண்களும் என்னிடம்தான் பேப்பரோடு வருவார்கள். யாருடைய பெரியப்பாவை எத்தனை தடவை கொன்றேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை' என்று மொட்டையாக எழுதினால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எங்கே, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று சொல்ல வேண்டும். அந்தச் சூட்சுமம் பிடிபட்டதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. பக்கத்துக் கட்டில்காரி ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். மாரியம்மன் பண்டிகைக்குப் போயே ஆக வேண்டும் என்று உயிரை எடுத்தாள். 'ஆடு கட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்' என்று அவள் அம்மாவைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் லீவு கிடைத்தது. திரும்பி வரும்போது தூக்குப் போசி நிறையக் கறிக்குழம்பு கொண்டுவந்தாள்.

"எங்கம்மா உன்ன திட்டுச்சுடி, குத்துக்கல்லாட்டம் இருக்கறவள படுக்க வெச்சுட்டாளேன்னு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த மாதமே அவள் அம்மா நிஜமாக விழுந்தார். காலை ஷிப்ட், எட்டு மணி டீ இடைவேளையில் லாக்கரைத் திறந்து போனைப் பார்த்தவள், அழுதுகொண்டே லைன் லீடரிடம் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஆடு கட்டப் போன எடத்துல விழுந்தாங்கன்னு போன மாசம்தானம்மா படிச்சேன்? இப்ப எந்த எடத்துல விழுந்தாங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். 'அது பொய், நான் எழுதியது, இது நிஜம் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். பாவி நான். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்த பிறகுதான் அவளை விட்டார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போது, அம்மா போய்விட்டதாகப் போன் வந்ததாம்.

அதன்பிறகு நான் யாருக்கும் லெட்டர் எழுதவில்லை. கதைகள் எழுதினேன், சில அச்சிலும் வந்தன. இத்தனை வருஷம் கழித்து, போன வருஷம்தான் அந்த நாளை வைத்து ஒரு நாவலுக்குத் துணிந்தேன். தடிமனான நோட்டு வாங்கினேன். ஷிப்ட் நேரம், பஸ் நேரம், அறையில் யாருக்கு எந்தக் கட்டில் எல்லாம் குறித்து வைத்தேன். அவளிடம் கேட்காமல் தொடங்க மனசு வரவில்லை. ஊத்தங்கரைக்குப் போனேன். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை முடித்து நூலை அறுத்தாள்.

"எழுதிக்க. ஆனா கதையிலயாச்சும் என்ன எட்டு மணிக்கே பஸ் ஏத்தி வுட்டுருடி."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் எட்டு மணிக்கு பஸ் ஏற வேண்டுமானால், அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன் என்று எழுத வேண்டும். எட்டு மாதமாக அந்த ஒரு வரிக்கு உட்காருகிறேன். ஹாஸ்டல் முழுக்கப் பொய் எழுதிக் கொடுத்த கைதான் இது. நோட்டில் அவள் இன்னும் லைன் லீடர் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.