கொசுறாக வந்தது

அந்த மடிக்கணினியை நினைத்தால் முதலில் காதில் விழுவது அதன் விசிறிச் சத்தம்தான். யாரும் தொடாமல் மேசைமேல் சும்மா கிடக்கும்போதுகூட, மேடேறி வந்தவர் மூச்சு வாங்குவதுபோல அது இரைந்துகொண்டிருக்கும். அடியில் கை வைத்தால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோசைக்கல்லைப் போலச் சுடும். "ஆளே இல்லாம ஒழைக்குது பாரு, என்ன பேய் புகுந்துச்சோ" என்று கொழுந்துக் கூடையை இறக்கிக்கொண்டே அம்மா சிரிப்பாள். நான் மட்டும் சிரிக்காமல் போய் அதை அணைப்பேன்.

நாங்கள் இருந்தது மூணாற்றுக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் "லயத்தில்". ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, அம்மாவுக்குக் கொழுந்து பறிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதில் எனக்கு அன்றும் பெருமை, இன்றும் பெருமை. நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம், "புள்ள படிப்புக்கு ஆகும்" என்று சொல்லி, கீழே கடைவீதியில் பழைய கணினிகள் விற்கும் கடை ஒன்றில் அப்பா அந்த மடிக்கணினியை வாங்கினார்.

அப்பா எதை வாங்கினாலும் "கொசுறு" கேட்காமல் கடையை விட்டு இறங்கமாட்டார். காய்கறிக் கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, மீன்கடையில் கூட ரெண்டு மத்தி, துணிக்கடையில் ஒரு கைக்குட்டை. அது கஞ்சத்தனம் இல்லை. கொசுறு கொடுக்காத கடைக்காரர் முகம் பார்க்காதவர், கேட்காமல் திரும்புகிறவர் ஏமாளி என்பது எங்கள் தோட்டத்துக்காரர்களின் கணக்கு. அன்றைக்கும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த மலையாளிக் கடைக்காரரிடம் கேட்டார்.

"சேட்டா, கொசுறா என்ன தர்றீங்க?"

கடைக்காரர் தாராளமான மனிதர். "அண்ணனுக்கு இல்லாததா? போட்டோ எடிட்டிங், கேம், டைப்பிங் எல்லாம் போட்டுத் தராம். வெளிய காசு குடுத்து வாங்கினா அண்ணன் தோட்டத்தையே விக்கணும்!"

ஒரு பென்டிரைவைச் செருகி, வரிசையாகப் "போட்டார்". நடுவில் திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது. அவர் அதை வாசிக்காமலேயே அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த ஆன்டிவைரஸை மட்டும் ஓன் செய்யவேண்டாம், மோளே. செய்தா, நம்ம போட்டதையெல்லாம் கள்ளன்னு சொல்லித் தூக்கிப் போட்டுரும் கேட்டோ."

"அப்ப காவக்காரனுக்கு லீவுன்னு சொல்லுங்க" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிவப்பு எழுத்துகள் பஸ்ஸில் வீடு வரும்வரை கண்ணிலேயே நின்றன.

எங்கள் பள்ளிக்கூடக் கணினிகளில் இருந்தவையெல்லாம் செய்தவர்களே "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்" என்று அனுமதித்த மென்பொருள்கள். எழுத, வரைய, படம் திருத்த எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. டீச்சரைக் கேட்டால் அப்படியே பிரதி எடுத்துத் தருவார். அதை அப்பாவிடம் சொன்னேன். எல்லோருக்கும் சும்மா கிடைப்பதில் அவருக்கு மரியாதை இல்லை. "கடைக்காரன் முகம் பாத்துக் குடுத்தத எடுத்து எறியச் சொல்றியா?" என்றார்.

இதற்கிடையில் அந்தக் கணினி எங்கள் வீட்டுச் சொத்தாக மட்டும் இல்லாமல் லயம் முழுவதற்கும் பொதுப் பரண் ஆகிவிட்டது. அப்போது எல்லோர் போனிலும் இடம் கொஞ்சம்தான். "பாப்பா, போனு ரொம்பிப் போச்சு, ஒங்க பெட்டியில கொட்டிக்கோ" என்று ஆளாளுக்கு வருவார்கள். கல்யாணம், கிறிஸ்தவப் பிள்ளைகளின் திடப்படுத்தல், தேரோட்டம், பிறந்த குழந்தை, செத்த ஆடு, எல்லாம் அதற்குள் போனது. கொட்டிய கையோடு போனில் அழித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் பத்திரமாக இருந்தால் எல்லோர் வீட்டிலும் இருந்த மாதிரிதான் லயத்தில்.

அப்படிக் கொட்டியதில்தான் சாமுவேல் சித்தப்பாவின் பாட்டும் இருந்தது. சித்தப்பா இரண்டாம் வீட்டுக்காரர். கிறிஸ்துமஸ் "கேரல்" போகையில் வீட்டுக்கு ஒரு பாட்டு, வீட்டுக்காரரைக் கிண்டல் பண்ணி, நின்ற இடத்திலேயே கட்டுவார். அந்த வருஷம் முதல் வீட்டு ஸ்டெல்லா அக்கா அதை முழுதாகப் போனில் வீடியோ பிடித்து, எங்கள் பெட்டியில் கொட்டினாள். அடுத்த மழைக்காலத்தில், பாத்தியில் மருந்தடித்துக்கொண்டிருந்த சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவர் மனைவி ஞானம் சித்தி எங்கள் வீட்டுக்கு வருவார். நான் பாட்டைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். சித்தப்பாவின் குரல் வேறு எங்கேயும் இல்லை.

விசிறி இரையத் தொடங்கியது அந்த நாட்களில்தான். எழுத்து தட்டினால் தாமதமாக வரும். கேட்காத விளம்பரங்கள் தாமாகத் திறக்கும். டீச்சரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "உன் கணினியை வேறு யாரோ வேலை வாங்குகிறார்கள். திருட்டு மென்பொருளின் பூட்டை உடைத்துத் தருகிறவன் சும்மா தரமாட்டான், தன் ஆளையும் உள்ளே வைத்துத்தான் அனுப்புவான். படங்களை முதலில் வெளியே ஒரு டிஸ்க்கில் எடு. அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்றார். இந்தமுறை அப்பா மறுக்கவில்லை. "போனஸ் வரட்டும், டிஸ்க் வாங்கிருவோம்" என்றார். போனஸுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

சித்தி கோயில் சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பாட்டைத் தட்டினேன், திறக்கவில்லை. பெயரின் வாலில் என்னவோ புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. பக்கத்திலிருந்த படங்களுக்கும் அதே வால். பிறகு திரை முழுவதும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு எழுந்தது. லயத்தில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். வாசித்து முடிப்பதற்குள் ஆறு வீட்டு ஆட்களும் எங்கள் முன்அறையில் நின்றார்கள்.

"என்ன பாப்பா சொல்லுதான்?"

"எல்லாத்தையும் பூட்டிட்டானாம். பணம் அனுப்புனா சாவி தர்றானாம்."

"நம்ம மூஞ்சிய வச்சி அவன் என்ன பண்ணப்போறான்?" என்றாள் ஸ்டெல்லா அக்கா. "கங்காணி மக கல்யாணத்துல நான் வாயப் பொளந்து தூங்குற படத்த அவனே வச்சிக்கிடட்டும்!" இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அவர் திரையைத் தொட்டு, என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"அவரு உள்ளதான இருக்காரு?"

உள்ளேதான் இருந்தார். ஆனால் எனக்குத் திறக்கத் தெரியவில்லை. இத்தனை பெருமையும் எதற்கு என்று தோன்றியது.

அப்பா போனில் டீச்சரைப் பிடித்துத் தந்தார். முதலில் இணையத்தைத் துண்டிக்கச் சொன்னார். பணம் அனுப்பக் கூடாது, அனுப்பினாலும் சாவி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்றார். எந்தப் பென்டிரைவையும் செருகாதே, அதிலிருப்பதும் போய்விடும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "எங்கிட்ட இருக்கு! பழைய போன மாத்துறப்ப எல்லாத்தையும் இதுல ஏத்துனேன், பாட்டும் இருக்கும்" என்று ஸ்டெல்லா அக்கா தன் வீட்டிலிருந்து ஓடிவந்து, கணினியின் ஓரத்தில் பென்டிரைவை வைத்து அழுத்தப்போனாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். "ஏட்டி, ஒடஞ்சிரும் கையி!" என்று கத்தினாள். பென்டிரைவை வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை சித்தி கொழுந்துக்குப் போகவில்லை. என்னோடு பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அம்மாவிடமிருந்து பென்டிரைவை வாங்கித் தன் முந்தானையில் முடிந்து, வழியெல்லாம் முடிச்சைப் பிடித்தபடியே இருந்தார். கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் பென்டிரைவை இணைப்பு எதுவும் இல்லாத ஒரு கணினியில் செருகிச் சோதித்தார். பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே போயின. நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கடைசிக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. டீச்சர் தட்டினார்.

"ஒண்ணாம் வீட்டு ஸ்டெல்லாக்கா கூப்பிட்ட கூப்பாட்டுல
தொட்டிலுல பாலனும் தூக்கம் கலஞ்சு முழிச்சாரே!"

ஆட்கள் சிரிக்கும் சத்தம், தப்பு மேளத்தின் தாளம். பிறகு சித்தப்பா விளக்கோடு அடுத்த வாசலுக்குத் திரும்புகிறார்.

"ரெண்டாம் வீட்டு ஞானத்துக்கு…"

அவ்வளவுதான். அது ஸ்டெல்லா அக்கா அப்போது "ஸ்டேட்டஸ்" வைப்பதற்காக வெட்டிய சின்னத் துண்டு. முழுசு எங்கள் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. சித்தி இன்னொருமுறை போடச் சொன்னார். டீச்சர் போட்டார், இன்னொருமுறையும் போட்டார்.

இன்று நான் கடைவீதியில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். "இந்த சாஃப்ட்வேரு சும்மா கிடைக்குமாமே, போட்டுத் தர்றியா பாப்பா" என்று இன்றும் யாராவது வருகிறார்கள். அனுமதியோடு இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுத் தருகிறேன்; காவலை அணைக்கச் சொல்கிற எதையும் தொடுவதில்லை; படங்களை வேறு ஓர் இடத்திலும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்காமல் அனுப்புவதில்லை. அப்பா கணினி வாங்கிய அந்தக் கடை இப்போது இல்லை. அங்கே போன் உறைகள் விற்கிறார்கள். அப்பா மீன்கடையில் இன்னும் கொசுறு கேட்கிறார். போன் கடையில் மட்டும், "காசுக்கு உள்ளது போதும் தம்பி, மேல ஒண்ணும் போட்டுராதீங்க" என்கிறார்.

பூட்டிய கணினியை நான் எறியவில்லை, என்றாவது சாவி கிடைக்கலாம் என்று துணி சுற்றி வைத்திருக்கிறேன். அந்தத் துண்டுப் பாட்டு என் போனில் இருக்கிறது, தனியே ஒரு டிஸ்க்கில் இருக்கிறது, வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தென்காசிப் பக்கம் போய்விட்ட சித்தியின் போனிலும் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு அவர் கூப்பிட்டபோது, அதற்கு அடுத்த அடி என்ன சித்தி என்று கேட்டேன். ஞாயிறு தவறாமல் பார்த்தவர் அவர்.

சித்தி "ரெண்டாம் வீட்டு ஞானத்துக்கு…" என்று மெல்லப் பாடிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"தெரியலயே பாப்பா. பெட்டிக்குள்ளதான் இருக்குதேன்னு, நான் மனசுல வைக்காம விட்டுட்டேன்."