வவ்வால் மகாலுக்கு நான் பூசிய சுவர்

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். நாற்றம் அண்டாத இடம் என்று ஒரு மனிதர் தேடித் தேடி வாங்கிய மாளிகைக்குள், பன்னிரண்டு பீப்பாய் நாற்றத்தைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கூலி கொடுத்துச் சுவரெல்லாம் பூசவைத்தவன் நான்தான். பூசி முடித்ததும் கொத்தனார்களுக்குச் சாப்பாடு வேறு போட்டேன். என் முகத்தில் மூக்கு என்று ஒன்று இருப்பது அழகுக்காக மட்டுமே என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அழகுக்கும் அது பெரிதாக உதவவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் நான் ரைட்டர். பதப்பட்ட தோல்களைக் கட்டாகக் கட்டியதும் இங்கிலீஷில் சீட்டு எழுதி ஒட்டிச் சீமைக்கு அனுப்புவது என் வேலை. பதின்மூன்று வருடம் தோல் ஊறும் தொட்டிகளுக்கு நடுவே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். தொட்டி ஓரமாகவே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊருக்குள் வரும்போது முகத்தைச் சுளிப்பதைப் பார்த்து, வெயில் ஜாஸ்தி போலிருக்கிறது என்று பரிதாபப்படுவேன்.

ஊருக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டோரம், நவாபு காலத்தில் யாரோ ஓர் அதிகாரி கட்டிய மாளிகை ஒன்று இருந்தது. வளைவு வளைவாக வாசல்கள், எட்டுப் பெரிய அறைகள், முன்னால் தேக்குத் தூண்கள் நிறுத்திய நீளமான தாழ்வாரம். நவாபும் போய், அதிகாரியும் போய், கடைசியில் வவ்வால்கள் குடியேறிவிட்டதால் ஊரில் அதற்கு வவ்வால் மகால் என்று பெயர். அதை வேலூரிலிருந்து வந்த ஒரு சாராய காண்டிராக்டர் வாங்கினார். அவருடைய யோசனை நல்ல யோசனை. தோல் வாங்க வரும் துரைகள் ஆம்பூரில் ராத் தங்குவதே கிடையாது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வியாபாரம் பேசிவிட்டு, சாயங்கால ரயிலில் ஓடிவிடுவார்கள். ஜோலார்பேட்டை ஸ்டேஷன் சாப்பாட்டு அறைதான் அவர்களால் பிழைத்தது.

"நல்ல படுக்கை, நல்ல சோறு, நல்ல சரக்கு. இந்த மூணும் இங்கயே கெடச்சா எவன்யா ஓடுவான்?" என்றார் காண்டிராக்டர். "ஊரு நாத்தம் இந்தப் பக்கம் வராது. மலைக்காத்து அப்படியே தள்ளிடும். அதுக்குத்தான் இந்த எடத்த வாங்கினேன்."

இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்தார். மகாலைச் செப்பனிடும்போது மேற்பார்வை, பிறகு ஹோட்டலுக்கு மேனேஜர். ஆனால் ஒரு நிபந்தனை. "மொதல்ல வர்ற கெஸ்ட்டு மூணு நாளு தங்கி, போறப்ப விசிட்டர் புஸ்தகத்துல நல்லதா நாலு வார்த்த எழுதிட்டுப் போனா நீதான் மேனேஜர். பாதியில ஓடிட்டான்னா, அவன் பின்னாலயே நீயும் ஓடிடு."

நான் சும்மா இருந்தேனா? மறுநாளே ஷாப்புக்குப் போய் சாயபுவிடம், "இனிமே என்னப் பாக்கணும்னா மொதல்ல சீட்டு அனுப்பணும் பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதின்மூன்று வருடம் சோறு போட்ட மனிதர். சிரித்துக்கொண்டே, "சரி நவாப் சாப்" என்றார். திரும்பிப் போய் அவர் முன்னால் நிற்பதைவிட, தொட்டியில் குதித்துத் தோலாகி சீமைக்குப் போய்விடலாம் என்று எனக்குப் பட்டது.

செப்பனிடும் வேலை மளமளவென்று நடந்தது. வவ்வால்களைப் புகை போட்டுத் துரத்தினோம். அறைகளில் பழைய பூச்சைத் தட்டிக் கொட்டினோம். தாழ்வாரத்தில் மட்டும் பூச்சு வேலை இல்லை. அங்கே எல்லாம் தேக்கும் கருங்கல்லும். அறைகளுக்குப் பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்துப் பூச வேண்டும் என்றார் மேஸ்திரி. அதற்குக் கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட வேண்டும். "கடுக்கா ஊறவே பத்து பன்னெண்டு நாளாவும் ரைட்டரே" என்றார்.

என் மூளை வேலை செய்தது அங்கேதான். தோல் பதனிடுவதற்கும் கடைசித் தொட்டியில் கடுக்காய்த் தண்ணீர்தான்! தோலை எடுத்த பிறகு அந்தத் தண்ணீரைக் கால்வாயில்தான் கொட்டுவார்கள். "மேஸ்திரி, எங்க ஷாப்புல ஊறி ஊறிக் கெடக்குது. நாளைக்கே வண்டியில வரும்" என்றேன். சாயபு இல்லாத நேரம் பார்த்து நானே பன்னிரண்டு பீப்பாய் ஏற்றிக்கொண்டு வந்தேன். மேஸ்திரி ஒரு பீப்பாயின் மூடியைத் திறந்து, விரலை விட்டு, மூக்கருகே கொண்டுபோய், "சாறு நல்லா எறங்கிக்கீது" என்று தலையாட்டினார். அவரும் ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

சித்திரை வெயிலில் சுவர் காய்ந்து, தேய்த்த முட்டை ஓடு மாதிரி மின்னியது. காண்டிராக்டர் வந்து தடவிப் பார்த்தார். அவர் மணிக்கு நாலு தரம் பொடி போடுகிறவர். அவர் மூக்குக்குள் வேறு எதுவும் நுழைய இடம் கிடையாது. "பேஷ்" என்றார். மேல்விஷாரத்திலிருந்து ஒரு பிரியாணி பாயைச் சமையலுக்கு அழைத்து வந்தோம். அவர் மசாலா வாசனையிலேயே நரைத்தவர், அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய தர்பார் அறையை பார் ஆக்கினோம். தேக்கு மேடைக்குப் பின்னால் பாட்டில்களை அடுக்கும் பொறுப்பு எனக்கு. எது எந்தச் சரக்கு என்று எனக்கு என்ன தெரியும்? உயரவாரியாக அடுக்கினேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிறுத்துவது போல. ஜோலார்பேட்டைக்குப் போய் ஸ்டேஷன் சாப்பாட்டு அறை பட்லர் எப்படிப் பரிமாறுகிறார் என்று ஜன்னல் வழியாக ஒரு முழு நாள் பார்த்துவிட்டு வந்தேன். இடது கையில் துண்டை மடித்துப் போட்டுக்கொள்வது மட்டும் நன்றாகப் படிந்தது.

ஐப்பசியில் முதல் விருந்தாளிகள் வந்தார்கள். ரயில்வே இன்ஜினீயர் துரை ஒருவர், கூடவே அவர் துரைசானி. துரை இருபது வருடம் தண்டவாளக் கூலிகளோடு பழகியவர், தமிழ் பேசுவார். அன்றைக்குப் பார்த்து இரண்டு நாளாக விடாத மழை. ஈரம் பட்டதும் சுவர் மெல்ல மெல்லத் தன் கதையைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. எனக்கு மட்டும் கேட்கவில்லை.

இரவல் கோட்டு மாட்டி, வாசலில் நின்று வரவேற்றேன். உள்ளே ஓர் அடி வைத்ததும் துரைசானி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தாள். உடனே துரையும் வைத்தார். பெரிய இடத்து மரியாதை இது போலிருக்கிறது, பட்லர் இதைச் செய்யவில்லையே என்று நினைத்தபடி, நானும் என் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு குனிந்து வணங்கினேன். பின்னால் நின்ற பாயைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவரும் தோள் துண்டை மூக்கில் வைத்து ஒரு சலாம் போட்டார். நாலு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.

"மேனேஜர்," என்றார் துரை துணிக்குள்ளிருந்து, "இங்கே என்னா செத்துப்போச்சு?"

"ஒண்ணும் சாவலீங்க தொரே. எல்லாம் புதுசு."

வேறு அறை காட்டினேன். கைக்குட்டை இறங்கவில்லை. அதற்கடுத்த அறையையும் காட்டினேன். பாயிடம் சொல்லி சாம்பிராணி போடச் சொன்னேன். துரை முகர்ந்துவிட்டு, "இப்போ செத்ததுக்குச் சாமி கும்புடுறீங்க" என்றார். "நவாபு காலத்து அத்தருங்க, செவுத்துல ஊறிப்போச்சு" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டேன். துரைசானி என்னமோ கேட்டாள். சாயங்கால ரயில் எத்தனை மணிக்கு என்று துரை என்னிடம் கேட்டார்.

சாயபுவின் சிரிப்பு கண் முன்னால் வந்து நின்றது. பாயைத் தனியே இழுத்து, "இன்னா பாய், நாத்தம் அடிக்குதா?" என்றேன்.

"அல்லா சத்தியமா எனக்கு வெங்காய வாசனதான் வருது ரைட்டர் சாப்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, எனக்குத் தெரிந்தவர்களில் மூக்கு உள்ள ஒரே ஆள் என் வீட்டில் இருக்கிறாள் என்று. என் மனைவி ஆலங்காயத்துக்காரி. மலையடிவாரக் காற்றில் வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு வாரம் என் பக்கமே திரும்பாமல் படுத்தாள். வெட்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பார் இருக்கிற இடத்துக்குக் குடும்பப் பெண் வருவதாவது என்று அவளை மகால் பக்கமே நான் விட்டதில்லை. துரையை இறக்கிவிட்டு நின்ற ஜட்காவிலேயே ஏறி வீட்டுக்கு ஓடினேன்.

"இன்னாத்துக்கு இப்டி நனஞ்சிக்கினு ஓடியார்றீங்க? தொர அடிச்சிட்டானா?" என்றாள்.

"சீக்கிரம் வா, மோந்து பாக்கணும்."

"எத்த மோந்து பாக்கணும்?"

"மகால."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இருந்தாலும் வந்தாள். மகால் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இத்த மோந்து பாக்கவா ஜட்கா வெச்சிக் கூட்டியாந்தீங்க? உங்க சட்ட கொடியில தொங்குதே, அதேதான் இது." பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், பளபளவென்று நின்ற சுவரில் மூக்கை வைத்தாள். "செவுருதான். இன்னாத்தப் பூசித் தொலச்சீங்க?"

சொன்னேன். வேறு வழியில்லை. கடுக்காய், தொட்டி, பன்னிரண்டு பீப்பாய் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அரே ரைட்டர் சாப்! ஊரே தோல பதம் பண்ணுது, நீ வூட்டையே பதம் பண்ணிட்டியா!"

திரும்பிப் பார்த்தால், கதவருகே துரை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நவாபு அத்தர் அத்தோடு போயிற்று. அவர் திரும்பி மனைவியிடம் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். துரைசானி சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கைக்குட்டையை முதல் முறையாக மூக்கிலிருந்து எடுத்தாள், எடுத்ததை வைத்துக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. அப்படி ஒரு சிரிப்பு. ஜட்காக்காரன் குதிரையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

என் மனைவிக்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது. துரைசானியின் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போய், மூச்சை இழுத்துக் காட்டினாள். அவளும் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினாள். "இங்க ஒண்ணுமே இல்லியே," என்றாள் என் மனைவி எங்களைப் பார்த்து. "மேச நாக்காலியத் தூக்கியாந்து இங்க போடுங்களேன். மழையப் பாத்துக்கினே துன்னட்டும்."

தூக்கினோம். கட்டில்களைத் தூக்கினோம், கொசுவலையைத் தூணிலிருந்து தூணுக்குக் கட்டினோம். பார் சாமான் வரும்போது மட்டும் பாய் பின்வாங்கினார். "பாட்டில நான் தொடமாட்டேன்."

"மேசையத் தொடுவியா பாய்?"

"மேசையில இன்னா இருக்குது, தொடுவேன்."

பாட்டில்களை எல்லாம் நான் மேசைமேல் அடுக்கினேன். அவர் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையை ஒரு முனையில் தூக்கினார். கணகணவென்று மணியடித்துக்கொண்டே பார் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் மழைக்குப் பின்னால் மலை நீலமாகத் தெரிந்தபோது பாய் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்தார். துரைசானி முள்கரண்டியால் இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய்க்கு என் மனைவி கையால் சாப்பிடுவது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய்க் குழம்பை விரலால் வழித்துத் துரைசானி என்னமோ சொல்ல, துரை, "இந்த அம்மாவை எங்க வீட்டுக்கு அனுப்புவியா?" என்று என்னைக் கேட்டார். நான் சோடாவைத் திறந்தேன். பாதி அவர் கோட்டில் போயிற்று. அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சாயங்காலம் எதற்கும் சிரித்தார்கள். ஆறரை மணி ரயில் கூவிக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பட்டணத்துத் தோல் கிடங்கிலேயே காலம் தள்ளிய துரைகள் இரண்டு பேர் வந்தார்கள். நான் தடுப்பதற்குள் நேராக உள்ளே தர்பார் அறைக்குப் போய் உட்கார்ந்து, காற்றோட்டமான இடம் என்று பாராட்டி, ஆளுக்கு மூன்று கிளாஸ் குடித்தார்கள். என்னைப் போலவே தொழிலுக்கு மூக்கைக் கொடுத்தவர்கள். எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நாலாம் நாள் காலை இன்ஜினீயர் துரை புத்தகத்தில் எழுதிவிட்டுப் புறப்பட்டார். காண்டிராக்டர் வேலூரிலிருந்து வந்து இறங்கினார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. "படிய்யா" என்றார்.

கையில் புத்தகம். என்ன எழுதியிருந்தாலும் நான் படிப்பதுதான் அவருக்கு எழுத்து. 'சொர்க்கம்' என்று படிக்கலாம். வாயைத் திறந்தேன். தாழ்வாரத்தில் பாய் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எழுதியதை எழுதியபடியே படித்தேன்: "பிரியாணிக்காகத் திரும்பவும் வருவேன். தாழ்வாரத்துக்காக நண்பர்களையும் அழைத்து வருவேன். அறைகளுக்குள் என்னை யாராலும் அழைத்துப் போக முடியாது. காரணத்தை மேனேஜரிடம் கேட்கவும், அது இன்னும் ருசியானது."

காரணத்தையும் சொன்னேன். காண்டிராக்டர் பொடியை விரலில் வைத்தபடி போடாமல் கேட்டார். பிறகு ஒரு பெரிய தும்மல் போட்டு, தும்மலுக்குள்ளேயே சிரிக்கத் தொடங்கினார்.

"மூணு நாளு தங்கினான். நல்ல வார்த்தயும் எழுதினான். சொன்ன சொல்லு சொன்னதுதான், நீதான்யா மேனேஜர்," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "தாழ்வாரத்துலயே ஹோட்டல நடத்து. முன்னாடி ரூமுங்களத் தட்டிட்டு வேற பூச்சு பூச ஆளு அனுப்பறேன். பின்னாடி ரெண்டு ரூமு அப்டியே இருக்கட்டும். அது மேனேஜர் வூடு. வாடகை கெடையாது, குடும்பத்தோட வந்துடு."

நான் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். மனைவி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேனேஜர் வேலை நிச்சயம் என்றேன், சிரித்தாள். நவாபு மாளிகை என்றேன், எட்டடி வாசல் என்றேன், ஜன்னலைத் திறந்தால் மலை என்றேன், நாளைக்கே நாம் இருவரும் அந்தப் பின்னறைகளுக்குக் குடிபோகிறோம், மூட்டையைக் கட்டு என்றேன்.

அவள் கத்தரிக்காயிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "நீங்க இருங்க, சோறு குடுத்தனுப்பறேன்."