மே மாதப் பக்கம்

பழுப்புத் தாளில் அட்டை போட்ட வருகைப் பதிவேடு ஒன்று என் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. எடுத்து வந்து இங்கேயே வைத்துவிட்டேன். மூலை மடங்காத அட்டை. அதன் மேல் பிள்ளைகளின் நோட்டில் ஒட்டுகிற சிவப்புக் கரை போட்ட சீட்டு. 'பெயர்' என்ற இடத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்தில், 'அஞ்சாப்பு டீச்சரிடம் சேர்க்கவும்' என்று எழுதியிருக்கிறது. அந்த அஞ்சாப்பு டீச்சர் நான்தான். பள்ளியில் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தவர், எழுதியவருடைய தம்பி மகன். "அத்தை ரூம்ல இருந்துச்சுங்க. கவர்மென்ட் ரெக்கார்டா இருந்து, நாளைக்கு யாராவது வந்து கேட்டா நம்ம தலையில விடியுமேன்னு பயந்துட்டேன்" என்றார். ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரும் கேட்க மாட்டாங்க தம்பி" என்றேன்.

உறையூரில் நாங்கள் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியில் டீச்சர்களுக்குப் பெயர் கிடையாது. ஒண்ணாப்பு டீச்சர், ரெண்டாப்பு டீச்சர் என்று வகுப்புதான் பெயர். பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டார்கள், பெற்றோர்கள் கூப்பிட்டார்கள், சத்துணவு ஆயா கூப்பிட்டார், கடைசியில் நாங்களும் ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட ஆரம்பித்தோம். அவர் மூணாப்பு டீச்சர். நான் அந்தப் பள்ளிக்கு வந்தபோதே மூணாப்பில் இருந்தார், ஓய்வு பெறும்போதும் மூணாப்பில்தான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் ஒரு போர்ஷனில் அம்மாவோடு இருந்தார். அம்மா போன பிறகு அதே போர்ஷனில் தனியாக. தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே பஸ் மாறி, மணி அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் வந்துவிடுவார். நான், வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் கொடுத்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்து, மணி அடிக்க அடிக்க உள்ளே நுழைகிற ரகம்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அதனால் அவர் பேர் கூப்பிடுவதைப் பத்தொன்பது வருஷம் கேட்டிருக்கிறேன். நாங்கள் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் மளமளவென்று நாற்பது பேரையும் கூப்பிட்டு முடித்துவிடுவோம். அவர் அப்படியில்லை. ஒரு பேரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து அந்த முகத்தைத் தேடுவார். "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் வந்த பிறகுதான் கோடு போடுவார். காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதற்கு எதிராக இன்னொன்று. வராத பிள்ளைக்குச் சிவப்பு மையில் சுழி. லீவ் லெட்டர் கொடுத்திருந்தால் சுழிக்குப் பதில் 'வி'. இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்களே என்று ஒருமுறை கேட்டதற்கு, "பேரைக் கூப்பிட்டா முகத்தைப் பாக்கணும் டீச்சர். இல்லேன்னா அது வெறும் லிஸ்ட்டு" என்றார். லீவ் லெட்டர் விஷயத்தில் அவரைப் போல ஏமாளி கிடையாது. 'என் காலுக்குக் காய்ச்சல்' என்று பிள்ளையே தன் கையால் எழுதிக்கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வார். "அது பொய்யின்னு தெரியலையா?" என்று நான் சிரிப்பேன். "தெரியுது. ஆனா லெட்டர் குடுத்துட்டான்ல. குடுத்தவனைச் சந்தேகப்படக் கூடாது" என்பார்.

பள்ளிப் பதிவேடு ஜூனில் தொடங்கி மேயில் முடியும். மே மாதப் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை, கோடை விடுமுறை. "வருஷா வருஷம் இந்த ஒரு பக்கம் மட்டும் காலியாவே கிடக்குது, பாவம்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. காலிப் பக்கத்துக்குப் போய் யாராவது பாவம் பார்ப்பார்களா? எனக்கு விடுமுறை என்றால் வடாம், வற்றல், நாத்தனார் பிள்ளைகள், பெண்ணின் கோச்சிங் கிளாஸ். மூச்சு விட நேரம் இருக்காது. அவருக்கு அந்த முப்பத்தோரு நாளும் வெறிச்சென்று திறந்து கிடந்திருக்கிறது. அம்மா போன வருஷம் அவர் ஒரு புதுப் பதிவேடு வாங்கினார். பன்னிரண்டு மாதத்துக்கான பதிவேடு. பன்னிரண்டு பக்கத்தின் தலையிலும் 'மே' என்று எழுதினார். பிள்ளைகளின் பெயர் வரவேண்டிய இடத்தில் கொள்ளிடக் கரைக்கு வரும் பறவைகளின் பெயர்கள்.

இதெல்லாம் அவரே ஸ்டாஃப் ரூமில், டிபன் பாக்ஸைத் திறந்தபடி சொன்னதுதான். சொல்லியிருக்க வேண்டாம். அன்று மதியமே அவருக்கு 'மைனா டீச்சர்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. வைத்தது நான் இல்லை, நாலாப்பு டீச்சர். ஆனால் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அவரும் சிரித்தார். பிறகு கை கழுவப் போன இடத்தில் என்னிடம் மட்டும் மெதுவாக, "ஒரு வாரம் என்கூட வாங்களேன் டீச்சர். ரெண்டு பேர் உக்காந்து பாத்தா நல்லாருக்கும்" என்றார். பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் கேட்டார். நானும் ஒவ்வொரு ஏப்ரலிலும் "அடுத்த லீவுல கண்டிப்பா" என்றேன்.

ஒரு வருஷம் தப்பிப்பதற்காகப் பொய்யே சொன்னேன். மே முழுக்க மாமியார் ஊரில் இருப்பேன் என்றேன். இரண்டாவது வாரம் தில்லை நகரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் இரண்டு கையிலும் பைகளோடு நின்றுகொண்டிருந்தேன். எதிரே அவர், கண் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடு வருகிறார். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம் என்றால் நேரே என்னிடம் வந்துவிட்டார். நான் என்னென்னவோ உளறினேன். அவர் என் பைகளில் ஒன்றை வாங்கி ஸ்கூட்டியில் மாட்டிவிட்டு, "வெயில்ல நிக்காதீங்க டீச்சர், மயக்கம் வந்துரும்" என்று சொல்லிப் போய்விட்டார். ஜூனில் பள்ளி திறந்தபோது அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் குற்றவுணர்ச்சியில்தான் அடுத்த மே மாதம் ஒரே ஒருநாள் போனேன். விடிந்ததும் விடியாததுமாக வடக்கு வாசல் தாண்டி நடந்தோம். துணிப்பையில் தயிர்சாதம், தண்ணீர், பதிவேடு. கழுத்தில் பைனாகுலர், அதன் வார் அறுந்துபோய், பள்ளி அடையாள அட்டையின் நாடாவைக் கட்டியிருந்தார். கொள்ளிடத்தில் கண்ணுக்கெட்டியவரை மணல், நடுநடுவே குட்டை குட்டையாய்த் தண்ணீர். நான் பேசிக்கொண்டே மணலில் இறங்கினேன். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்து, "அப்படியே நில்லுங்க, காலைத் தூக்காதீங்க" என்றார். என் செருப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கூழாங்கற்கள் மாதிரி நான்கு முட்டைகள். கூடு கிடையாது, ஒரு குச்சி மறைவுகூடக் கிடையாது. தலைக்கு மேல் ஓர் ஆள்காட்டிக் குருவி கத்திக் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தது. நாங்கள் விலகிப் புங்க மரத்தடிக்கு வந்த பிறகு அது முட்டைகளிடம் இறங்கியது. "வெயில் ஏறிட்டா அது உக்காராது டீச்சர். நின்னுக்கிட்டே நிழல் குடுக்கும். குட்டையில போய் வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து ஈரத்தோட நிக்கும்" என்றார். அப்படிப் பேசும்போது அவர் முகம் எனக்குத் தெரிந்த மூணாப்பு டீச்சரின் முகமாக இல்லை. பத்து வயசு குறைந்திருந்தது.

பிறகு பதிவேட்டை மடியில் விரித்து வாய்க்குள் பேர் கூப்பிட ஆரம்பித்தார். "மீன்கொத்தி. கரிச்சான். பஞ்சுருட்டான். பனங்காடை. நீர்க்காகம்..." ஒவ்வொரு பேருக்கும் நிமிர்ந்து ஆற்றைத் தேடுவார், கிடைத்தால் கோடு, இல்லையென்றால் சிவப்புப் பேனா. எனக்கு உள்ளூரச் சிரிப்பு. கடைசியில், "அஞ்சாப்பு டீச்சர்" என்று சொல்லி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "சொல்லுங்க டீச்சர், என்ன?" என்றேன். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல" என்று குனிந்து எதையோ எழுதினார். சொல்ல வந்ததை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது; சிலிண்டர் வருகிறதாம். தயிர்சாதம்கூடச் சாப்பிடாமல் கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மரத்தடியில் இரண்டு டிபன் பாக்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் ஓய்வு பெற்றார், மூன்று வருஷம் கழித்து நானும். பெண் கல்யாணமாகிப் பெங்களூர் போனாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு உறையூரில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். குடிவந்த இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகுதான் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. டி.வி. ஓடும், நான் பார்க்க மாட்டேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இருபது நிமிஷம். போகலாம் போகலாம் என்று இருந்தேன். இத்தனை வருஷம் சாக்குச் சொன்னவள், இப்போது துணைக்கு ஆள் இல்லை என்றதும் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பங்குனியில் ஒருநாள் பழைய ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரங்கல் செய்தி வந்தது. ஒரு பெண்மணியின் பெயர், ஓய்வு பெற்ற ஆசிரியை, ஸ்ரீரங்கம், மாலை நான்கு மணிக்கு எடுக்கிறார்கள். யாரோ என்று நினைத்தேன். இரண்டு கைகூப்பும் படங்களைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டேன். மறுநாள் காலையில் நாலாப்பு டீச்சர் போன் செய்து, "மூணாப்பு டீச்சரைப் பாக்க நீங்க ஏன் வரல?" என்று கேட்டபோதுதான் அந்தப் பெயர் அவருடையது என்று உறைத்தது. பத்தொன்பது வருஷம் தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. பேரைக் கூப்பிட்டால் முகம் பார்க்க வேண்டும் என்றவரின் பேரைப் பார்த்தும் எனக்கு முகம் வரவில்லை.

பதிவேட்டை முழுசாகப் புரட்டியது, தம்பி மகன் கொடுத்துவிட்டுப் போன பிறகு. பதினொரு மே மாதங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் நாற்பது சொச்சம் பறவைகள், எல்லாவற்றுக்கும் கீழே கடைசிப் பெயராக 'அஞ்சாப்பு டீச்சர்'. முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறேன். என் வரிசை முழுக்கச் சிவப்புச் சுழி. நான் பொய் சொன்ன மே மாதத்தில் மட்டும் சுழி இல்லை. முதல் தேதியிலிருந்து 'வி'. தில்லை நகரில் என்னைப் பார்த்த பிறகாவது சுழிக்கு மாறியிருப்பாரோ என்று விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன். மாறவில்லை. முப்பத்தொன்று வரைக்கும் 'வி'தான். அடுத்த பக்கத்தில், நான் போன அந்த ஒருநாள், காலைக்கு ஒரு சாய்கோடு. மதியத்துக்குச் சுழி. அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது.

பன்னிரண்டாம் பக்கத்தில் பெயர்கள் மட்டும் இருந்தன. அடுத்த மாதத்துக்கான பெயர்களை முன்கூட்டியே எழுதி வைப்பது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். இந்த வருஷ மே மாதத்துக்காக எழுதி வைத்திருக்கிறார். கட்டங்கள் காலி.

ஒன்றாம் தேதி காலையில் துணிப்பையில் தயிர்சாதமும் பதிவேடும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வடக்கு வாசல் தாண்டி, அதே புங்க மரத்தடியில் உட்கார்ந்தேன். பக்கத்தை விரித்துப் பேர் கூப்பிட்டேன். மீன்கொத்தி தெரிந்தது. கரிச்சான் தெரிந்தது. ஆள்காட்டி, நான் கூப்பிடுவதற்கு முன்பே கத்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். பனங்காடை எது, பஞ்சுருட்டான் எது? குட்டையோரத்தில் எவையெவையோ நடந்தன, பறந்தன, என்னைச் சட்டை செய்யவில்லை. வேறு பள்ளியிலிருந்து ஒருநாள் மாற்றாக வந்த டீச்சர் மாதிரி கையில் பேர் இருந்தது, முகம் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததற்குச் சுழி போட எனக்கு என்ன உரிமை? அந்தக் கட்டங்களை அப்படியே விட்டேன்.

கடைசிப் பெயர் வந்தது. "அஞ்சாப்பு டீச்சர்" என்று வாய்விட்டுப் படித்தேன். அவர் செய்வது போலவே நிமிர்ந்து பார்த்தேன். மணல்தான் இருந்தது. அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த நேரம் எவ்வளவு இருக்கும்? ஒரு நிமிஷம் இருக்குமா? ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார். மூணாப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தை.

"உள்ளேன் டீச்சர்" என்றேன்.

கறுப்புப் பேனாவை எடுத்து என் கட்டத்தில் காலைக்கு ஒரு சாய்கோடு போட்டேன். போன் வரவில்லை. வீட்டில் எந்த சிலிண்டரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. மதியத்துக் கோட்டுக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.