கல்வெட்டில் ஓர் அடைமொழி

என் பெரியண்ணாவின் கண்களுக்குப் பொருத்தமான அடைமொழி எதுவென்று எங்கள் வீட்டில் மூன்று நாள் வழக்கு நடந்தது. அவரை எரித்து அப்போது இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று, அவருடைய படத்தையும் வாழ்க்கைக் குறிப்பையும் இரங்கற்பாக்களையும் சிறு நூலாக அச்சிட்டு, கூடியிருப்போர் கையில் கொடுத்து வாசித்துக் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்நூலைக் கல்வெட்டு என்பார்கள். அதை எழுதும் பொறுப்பைக் கந்தளாயிலிருந்து வந்த மாமா ஏற்றார். அம்மாவின் தம்பியாகிய அவர் அரசாங்கக் காணிக் கந்தோரில் எழுதுவினைஞர். அவருடைய கல்வெட்டுகளின் தயவால் எங்கள் உறவில் இறந்தோர் அனைவரும் உயிரோடிருந்த காலத்தைவிடச் சிறந்தவர்களாகியிருந்தார்கள்.

பெரியண்ணா மூதூருக்குப் போகும் படகுத்துறையில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். ஒருமுறை பார்த்த முகத்தை அவர் மறந்ததில்லை. குச்சவெளியிலிருந்து ஒரு தாய், காணாமற்போன மகனின் படத்தோடு ஒருநாள் சீட்டுக் கூண்டுக்கு வந்தாள். அவன் எந்தப் படகில் வந்து இறங்கினான், எந்த இருவர் அவனைக் கையில் பிடித்து அழைத்துப் போனார்கள், அவ்விருவரின் முகங்கள் எப்படியிருந்தன என்பனவற்றை அண்ணா அவளுக்கு ஒன்றுவிடாமற் சொன்னார். எட்டாம் நாள் அவருடைய உடல் இறங்குதுறைத் தூண்களுக்கிடையே மிதந்தது. தவறி விழுந்து மூழ்கியதாக எழுதிக் கொடுத்தார்கள். நடக்கப் பழகிய வயதிலேயே நீந்தப் பழகியவர் அவர்.

அந்தத் தாயின் மகன் இறங்கிய அன்று, பரீட்சை முடிந்து பொழுதுபோகாமல், அண்ணாவோடு அதே கூண்டில் சின்னண்ணாவும் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பதினெட்டு வயது. இதை நான் அறிந்திருந்தேன். ஆனால் அதை அறிந்திருப்பதன் பொருள் பதினொரு வயதுப் பெண்ணாகிய எனக்கு விளங்கியிருக்கவில்லை.

மாமா சொற்களை நிறுத்துப் பார்த்தார். 'கூரிய பார்வை' என்றால் கத்தியின் நினைவு வந்தது. 'துருவும் பார்வை' தேங்காயைக் கொண்டுவந்தது. 'தீட்சண்யமான' என்பதை வடசொல் என்று அவரே தள்ளினார். 'கூர்ந்த பார்வை' என்பதில் சிறிது நேரம் நின்றார். கூர்ந்து பார்ப்பதில் ஒரு முயற்சி இருக்கிறது. அண்ணாவோ முயன்று பார்த்தவரல்லர். வேறெங்கோ பார்ப்பதுபோல் இருப்பார்; பிறகு கேட்டால் எல்லாம் சொல்வார்.

இத்தனையையும் கேட்டபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சுளகை வைத்தார்.

"அமைதியான கண் எண்டு போடு, தம்பி."

"அமைதியான கண் மாட்டுக்கும் இருக்கு, அக்கா."

"இருக்கட்டும். என்ர பிள்ளைக்கும் அதையே போடு."

மாமா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா சின்னண்ணா படுத்திருந்த அறைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மாமா பேனையை எடுத்து 'அமைதியான' என்று எழுதினார்.

எனக்கு அம்மாமேல் ஏற்கெனவே கோபம் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "அவனுக்குக் கண்பார்வை சரியான குறைவு. பக்கத்தில நிக்கிற ஆளையே மட்டுக்கட்ட மாட்டான்," என்று அவர் கூசாமற் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு நில்லாமல், கல்வெட்டுக்குக் கொடுத்த படத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்றை வரைந்து மாட்டும்படி படப்பிடிப்புக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிவந்தார். வாழ்நாளில் கண்ணாடி அணியாத அண்ணா, இறந்தபின் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தார். அந்த அநீதியைத் திருத்தக் கடமைப்பட்டவள் நானே என்று முடிவுசெய்தேன். மாகாணக் கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்றிருந்த செருக்கும் எனக்கிருந்தது.

அச்சகம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் இருந்ததால், தாள்களைக் கொடுத்துவிடும் வேலை எனக்கு வந்தது. கந்தோர் விடுப்பு முடிந்து மாமா கந்தளாய்க்குப் போய்விட்டார். அச்சகத்து வாசலில் நின்று 'அமைதியான கண்கள்' என்பதை வெட்டி, இரண்டு நாளாக மனத்துள் தேடிக் கண்டடைந்ததை மேலே எழுதினேன்: 'எதையும் தப்பவிடாத கண்கள்'.

அச்சகத்துக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"மாமாவோ மாத்தினவர்?"

"ஓம்."

"எழுத்து உம்மட மாதிரிக் கிடக்கு."

"அவருக்குக் கை நடுக்கம். ஏலாதெண்டு என்னை எழுதச் சொன்னவர்."

முப்பத்தோராம் நாள் காலைதான் கந்தளாயிலிருந்து திரும்பிய மாமா, பந்தலில் நிமிர்ந்து நின்று கல்வெட்டை இராகத்தோடு வாசித்தார். பிறப்பு, படிப்பு, தொழில் என்று வந்து அந்த வரியில் ஏறியபோது, குரல் அரைக்கணம் தடுக்கியது. ஆனால் வாய் அதைச் சொல்லி முடித்துவிட்டது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. படகுத்துறையில் கயிறு பிடிக்கும் பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"சரியான கதை! அந்தக் கண்ணுக்கு ஒரு குஞ்சும் தப்பாது. தம்பிக்காரனும் அப்பிடித்தான். ரெண்டுபேரும் ஒண்டாய்த்தானே அண்டைக்குக் கூண்டில இருந்தவை!"

அன்பினாற் சொன்ன சொல்தான். பந்தலில் எங்களுக்குத் தெரியாத முகங்களும் இருந்தன.

அம்மா எழுந்தார். அழுதுகொண்டிருந்தவர் போலவே இல்லை.

"இவன் அங்க போகவேயில்லை, அண்ணை. நீங்கள் வேற ஆரையோ சொல்றியள். இவனுக்கும் கண் தெரியாது. ரெண்டுபேருக்கும் பிறவியிலயே தெரியாது."

பிறகு அவர் ஒவ்வொருவராகச் சென்று, எழுத்துப்பிழை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று கல்வெட்டுகளைக் கையிலிருந்து திரும்ப வாங்கினார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கமில்லாத சடங்கில் அது பெரும் அவமதிப்பு. சிலர் முகஞ்சுளித்தார்கள். சிலர் அதற்குமுன்பே எழுந்து போயிருந்தார்கள். அவர்களோடு சில பிரதிகளும் போயிருந்தன. மீண்டவற்றை அம்மா குசினி அடுப்பில் வைத்தார்.

அடிவிழும் என்று நான் காத்திருந்தேன். எவரும் அடிக்கவில்லை. மாமா மட்டும் கிணற்றடியில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"நீயோ மாத்தினனீ?"

"ஓம் மாமா. பிழையோ?"

அவர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். "சொல் சரி," என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கவும் செய்தேன்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் சின்னண்ணாவை மாமாவோடு கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து யாரோ ஒரு முகவர் அவரைக் கடல்கடந்து எங்கோ கொண்டுபோவதாக ஏற்பாடு. அதற்காக அம்மா பாலையூற்றுக் காணியை விற்றதும், அவர் அனுப்பிய இரண்டே கடிதங்களுக்குப்பின் எந்தத் தேசத்திலிருந்தும் ஒரு செய்தியும் வராமற்போனதும் பின்னால் நடந்தவை. அன்று காலை பேருந்து நிலையத்தில் எனக்கு அவர்மேல் பொறாமைதான் இருந்தது. யன்னலோரம் உட்கார்ந்த அவரைக் கையைப் பிடித்திழுத்து, "வழியில பார்க்கிறதையெல்லாம் எனக்கு எழுதோணும், என்ன?" என்றேன்.

அம்மா என்னை விலக்கிவிட்டு யன்னற் கம்பிக்குள் கையை நுழைத்து அவருடைய முகத்தைத் தடவினார். விரல்கள் அவருடைய இமைகளின்மேல் வந்து நின்றன.

"ஒண்டையும் பாராதை, ராசா," என்றார். "குனிஞ்சு கொண்டே போ."

முதன்முறையாக ஊரைவிட்டுப் போகும் பிள்ளைக்கு ஒரு தாய் வேறு ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.