இருநூற்றுப் பதினைந்தாவது வரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. இது என் அண்ணிக்கு நடந்தது. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போகிறவர் அவர். அவர் சொன்னதால்தான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

நடுராத்திரி, நாய் ஊளை எல்லாம் இதில் கிடையாது. எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஏ.சி. ஓடுகிற ஆபீசில்.

அண்ணி ஒரு ஆர்க்கிடெக்டிடம் வேலை பார்த்தார். கட்டப்போகிற கட்டடத்தை முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் மாடலாகப் போடுகிற வேலை. அப்போது கையில் இருந்தது ஒரு மூன்று மாடி ஆஸ்பத்திரி. கட்டி முடிந்து பூச்சும் பெயின்டும் ஓடிக்கொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமைக்குள் ஃபினிஷ் ஷெட்யூல் முடிந்து போக வேண்டும். எந்த அறைக்குத் தரையில் என்ன, சுவரில் என்ன, கூரையில் என்ன என்று சொல்கிற பட்டியல் அது. அறைக்கு ஒரு வரி. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு அறை.

அந்தப் பட்டியலை முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்து மேஜைக்காரர். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் ஆபீசில் அவருக்குப் பெயர் சோடாபுட்டி. ஒவ்வொரு கட்டமாகக் கையால் அடிப்பார். ஒரு தடவை ஆபரேஷன் தியேட்டருக்குக் கார்ப்பெட் விழுந்துவிட்டது. அதோடு பாஸ் அதைப் பிடுங்கி அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

அண்ணி குறியீடு வைத்தார். குளியலறை வகைக்கு 'ஈரம்', வார்டுக்கு 'வார்டு', வராந்தாவுக்கு 'நடை'. குறியீட்டுக் கட்டத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்தால் போதும். தரை, சுவர், கூரை மூன்றும் தானாக நிரம்பிவிடும். டைல்ஸ் மாறினால் குறியீட்டில் ஒரு இடத்தில் மாற்றினால் சரி, நாற்பது குளியலறையும் மாறிக்கொள்ளும். சைட்டில் இருப்பவர்கள் படிக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் தமிழிலேயே போட்டார். "இவ சோப்பு வாங்கப் போனாலும் அதுக்கு ஒரு ஷெட்யூல் போடுவா" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

சைட்டில் அந்தப் பட்டியலை வரி விடாமல் படித்தவர் ஒரே ஒரு ஆள். பெயின்டர். புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும் என்பதால் சுண்ணாம்பு என்று கூப்பிடுவார்கள். ஐம்பது வயது இருக்கும். அவர் அடித்த ஷேடு தப்பாக இருந்தால் அண்ணி காகிதத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார். அதனால் அண்ணிக்கு அவர் வைத்த பெயர் டீச்சரக்கா. உலகத்தில் வேறு யாரும் அண்ணியை அப்படிக் கூப்பிட்டதில்லை.

புதன்கிழமை. காலை 11:40.

அண்ணி பட்டியலின் கடைசிக்கு வந்தார். இருநூற்றுப் பதினைந்து வரி இருந்தது.

கடைசி வரிக்கு அறை எண் இல்லை. பெயர் 'அறை' என்று மட்டும். பரப்பளவுக் கட்டத்தில் 'இடத்தில் இல்லை' என்று இருந்தது. இதில் பயப்பட ஒன்றும் இல்லை. பிளானில் ஓர் அறையை அழித்தாலும் பட்டியலில் அதன் வரி தங்கிவிடும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். அந்த சாஃப்ட்வேரின் குணமே அதுதான்.

தரைக் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை. ஈரம்.

குறியீட்டை இடம் மாற்றி அடித்துவிட்டோம் போல என்று நினைத்தார். வரியை அழித்தார். சாப்பிடப் போனார்.

பகல் 2:17.

வரி திரும்ப வந்திருந்தது.

தரை: ஈரம். சுவர்: சொரசொரப்பு. கூரை காலி.

அண்ணி பக்கத்து மேஜையைப் பார்த்தார்.

"நீங்க புதுசா ரூம் ஏதாவது போட்டீங்களா?"

சோடாபுட்டி தலை நிமிரவில்லை. "நான் இந்த வாரம் அந்த ஃபைலையே தொறக்கல."

யார் போட்டது என்று அண்ணி தேடிப் பார்த்தார். மாடலில் யார் எதைத் தொட்டாலும் பெயர் விழும். அந்த வரியில் பெயர் விழவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கம்ப்யூட்டர் கோளாறு என்று மறுபடியும் அழித்தார். சாயந்திரம் 5:55-க்கு வீட்டுக்குக் கிளம்பும்போது இருநூற்றுப் பதினான்குதான். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.

வியாழக்கிழமை. காலை 9:05.

கம்ப்யூட்டரைப் போட்டதும் அண்ணி கடைசி வரிக்குத்தான் போனார்.

இருந்தது.

தரை: ஈரம்.

சுவர்: சொரசொரப்பு. நாலு பக்கமும்.

கூரை: எட்டலை.

அண்ணிக்கு அப்போதுதான் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. டைல்ஸ், டிஸ்டெம்பர், ஜிப்சம் என்று இருக்கவேண்டிய இடம் அது. அங்கே யாரோ பேசுகிற மாதிரி எழுதியிருந்தது. எட்டலை... யாருக்கு எட்டவில்லை?

இந்தத் தடவை அவர் அழிக்கவில்லை. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில்.

9:11. பரப்பளவுக் கட்டம் மாறியது. 'இடத்தில் இல்லை' போய் 2.25 என்று வந்தது. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்க முடியாத இடம்.

9:13. கதவுக் கட்டம். ஒவ்வோர் எழுத்தாக.

மே...

ல...

கீபோர்டை யாரும் தொடவில்லை. சோடாபுட்டி எழுந்து வந்து பின்னால் நின்றதை அண்ணி கவனிக்கவில்லை. அவர் மூச்சுச் சத்தம் காதில் பட்டபோதுதான் தெரிந்தது.

9:14. கடைசியில் இருந்த குறிப்புக் கட்டம்.

டீச்சரக்கா.

சோடாபுட்டி நாற்காலியைத் தட்டிவிட்டு வெளியே ஓடினார். அண்ணி போனை எடுத்து சைட் சூப்பர்வைசருக்கு அடித்தார்.

"சுண்ணாம்பு அங்க இருக்காரா?"

"திங்கக்கிழமை சாயந்திரத்துலேர்ந்து ஆளக் காணோம்க்கா. வேற சைட்டுக்குத் தாவியிருப்பான்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல. போனும் சுவிட்ச் ஆஃப்." கொஞ்சம் இழுத்தார். "அவன் சம்சாரம்தான் ஊர்லேர்ந்து நாலு தடவை கூப்பிட்டுடுச்சு."

அண்ணி பிளானைத் திறந்தார். 2.25. ஆஸ்பத்திரியில் அந்த அளவுக்கு அறையே கிடையாது. பிறகுதான் உறைத்தது. அறை என்று போட்டால்தான் பட்டியலில் வரும். தண்ணீர்க் குழாய்கள் மேலும் கீழும் போகிற டக்ட் வெறும் ஓட்டை. அதற்கு டைல்ஸும் கிடையாது, பெயின்டும் கிடையாது. அதனால் வரியும் கிடையாது.

மூன்று மாடிக்கும் நெட்டுக்குத்தாக ஒரே ஒரு டக்ட் இருந்தது. ஒன்றரைக்கு ஒன்றரை. கீழே, எக்ஸ்ரே அறைச் சுவருக்குப் பின்னால்.

10:35-க்கு அண்ணி சைட்டில் இருந்தார். டக்டைத் திறக்க சூப்பர்வைசர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் கீழ்வாசலைப் போன சனிக்கிழமையே செங்கல் வைத்து அடைத்தாயிற்று. மூன்றாவது மாடி வாசலுக்கும் பலகை அடித்தாயிற்று.

"பலகை எப்ப அடிச்சீங்க?"

"திங்கக்கிழமை. ஆறு மணி இருக்கும்."

"அடிக்கறதுக்கு முன்னாடி உள்ள பாத்தீங்களா?"

அவர் எக்ஸ்ரே அறைப் பக்கம் வேகமாக நடந்தார்.

எக்ஸ்ரே அறையில் பெயின்டில் கலக்கிற தின்னர் வாடை கண்ணை எரித்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடையும் இருந்தது. எலி செத்திருக்கும் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

அண்ணி சுவரில் காதை வைத்தார்.

10:48.

சர்ர்ர்...

சத்தம் நின்றது.

சர்ர்ர்... சர்ர்ர்...

சொரசொரப்பான சுவரை யாரோ கையால் தடவுகிற சத்தம். மெதுவாக. இடமிருந்து வலமாக. ஒரு மூலை வந்ததும் நிற்கும். பிறகு அடுத்த சுவர்.

சூப்பர்வைசரும் காதை வைத்தார். "உசிரோட இருக்கான்... அக்கா, உசிரோட இருக்கான்..."

சம்மட்டி வந்தது. "தள்ளி நில்லுங்கண்ணே, இடிக்கப்போறோம்" என்று அண்ணி சுவரைப் பார்த்துக் கத்தினார்.

தடவல் இன்னும் வேகமானது.

சர்ர். சர்ர். சர்ர்.

முதல் செங்கல் உள்ளே விழுந்தது.

சத்தம் நின்றது.

டார்ச்.

குழாய் மூட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர். ஈரத் தரை. நாலு பக்கமும் பூசாத செங்கல்.

அவர் அங்கே இருந்தார்.

தொட்டுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மூன்று நாள் ஆகியிருந்தது.

அண்ணி அதற்குப் பிறகு ஒரு வாரம் படுத்த படுக்கை. பட்டியலைப் பாஸே அனுப்பினார். அதில் இருநூற்றுப் பதினான்கு வரிதான். கடைசி வரியை யார் அழித்தது என்று யாருக்கும் தெரியாது.

சோடாபுட்டி வீட்டுக்கு வந்து பார்த்தார். வாசலிலேயே நின்றார். "செவ்வாக்கிழமையே என் கம்ப்யூட்டர்ல அது மூணு தடவை வந்துச்சு. மூணு தடவையும் நான்தான் அழிச்சேன்" என்றார். "மறுபடியும் நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அண்ணி அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அண்ணிக்கு என்ன யோக்கியதை? அவரும்தானே இரண்டு தடவை அழித்தார். புதன்கிழமை 11:40-க்கே எழுந்து போயிருந்தால்... அதையே சொல்லிச் சொல்லிச் சாப்பிடாமல் கிடந்தார். அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை.

பத்தாவது நாள் சூப்பர்வைசர் போன் பண்ணினார். சுண்ணாம்பின் சம்சாரத்தோடு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போய், போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டரிடம் பேசிவிட்டு வந்திருந்தார்.

"நீங்க மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கக்கா. மூணாவது மாடியிலேர்ந்து விழுந்த அந்த நிமிஷமே முடிஞ்சு போச்சாம். கழுத்துல அடி. திங்கக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் உசிரு இல்ல. யார் வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது."

அண்ணி அழுதார். அந்தப் பத்து நாளில் அதுதான் முதல் அழுகை. எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், போன் ஸ்பீக்கரில் இருந்தது.

சூப்பர்வைசர் போனை வைக்கவில்லை.

"அக்கா..."

"சொல்லுங்க."

"டாக்டர் என்கிட்ட ஒண்ணு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல."

"என்ன?"

"ரெண்டு உள்ளங்கையிலயும் தோலே இல்லையாம். விரல் நுனியில எலும்பு தெரியற அளவுக்குத் தேஞ்சிருக்காம். செங்கல் தூள் ஒட்டியிருக்கு."

அண்ணி போனிலிருந்து கையை எடுத்தார்.

"ஆனா ஒரு சொட்டு ரத்தம் வரலையாம்க்கா. செத்த உடம்புல காயம் பட்டாத்தான் அப்படி இருக்குமாம். உள்ள வேற யாரு இருந்தாங்கன்னு கேக்கறாரு."